ஹால் பளபளக்குது, கிச்சன் கொதிக்குது: வாடகை வீட்டையும் மனசுக்கு இதமாக மாற்றுவது எப்படி?

சென்னையிலோ கோவையிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது நான்கு கேள்விகள். வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எத்தனை மாசம்? தண்ணி எப்போ வரும்? பைக் விட இடம் இருக்கா? நான்குக்கும் பதில் சரியாக இருந்தால், பால் காய்ச்ச நாள் பார்த்துவிடுவார்கள்.

குடிபோன சில மாதங்களில்தான் மற்ற சங்கதிகள் தெரிய ஆரம்பிக்கும். பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். சமைத்துவிட்டு வெளியே வந்தால் தலை வலிக்கும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ ஒரு எரிச்சல் வரும். ‘இந்த வீடே நமக்கு ராசியில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு.

ராசியைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஐந்து: வெளிச்சம், காற்று, சூடு, சத்தம், சாமான்கள் இருக்கும் இடம். ஒரு வீட்டில் இருப்பவர்களின் தூக்கம், களைப்பு, கோபம் எல்லாவற்றிலும் இந்த ஐந்துக்கும் பங்கு உண்டு. இவற்றில் பாதிக்கு மேல், சுவரை இடிக்காமல், ஆணிகூட அடிக்காமல் சரிசெய்யக்கூடியவை. எங்கிருந்து தொடங்குவது, எதற்கு முதலில் செலவு செய்வது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: இந்த வீட்டில் அதிக நேரம் இருப்பது யார்?

வீட்டுக்குப் பணம் செலவழிக்கும்போது பெரும்பாலும் ஹாலில்தான் தொடங்குகிறோம். சோஃபா, டிவி ஸ்டாண்டு, ஷோகேஸ், சுவர் ஸ்டிக்கர். காரணம், வருகிறவர்கள் உட்காருவது அங்கேதான். ஆனால் விருந்தாளி இருப்பது ஒரு மணி நேரம். மீதி நேரம் அந்த வீட்டில் இருப்பவர் எங்கே இருக்கிறார்?

இதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். அதாவது ஒரு பெண்ணுக்குத் தினமும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இதிலேயே போகிறது. இதில் பெரும் பகுதி கழிவது, பல வீடுகளில் காற்றும் வெளிச்சமும் மிகக் குறைவாக இருக்கும் கிச்சனில்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் கணக்கு எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் யார், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள்? பாட்டி நாள் முழுக்க உட்காரும் நாற்காலி எங்கே இருக்கிறது? பிளஸ் டூ படிக்கும் பிள்ளை எந்த மூலையில் படிக்கிறது? அந்தந்த இடத்துக்கு வெளிச்சமும் காற்றும் வருகிறதா? எந்த இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வெளிச்சம்: காலை வெயிலுக்கும் ராத்திரி தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கடிகாரம் செல்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குத்தான் 2017-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பது கண்ணில் படும் வெளிச்சம். காலையில் நல்ல வெளிச்சம் பட்டால் உடல் விழித்துக்கொள்கிறது. இரவில் கூசும் வெள்ளை வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது.

ட்யூப்லைட் எரியும் ஒரு ஹாலில் வெளிச்சத்தின் அளவு சுமார் 100 முதல் 300 லக்ஸ்தான். மேகமூட்டமான நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். கண்ணுக்கு ஹால் ‘பளிச்’ என்று தெரிந்தாலும், உடல் கடிகாரத்துக்கு அது மங்கல்தான்.

என்ன செய்யலாம்?

- ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோ, அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள், கண்ணாடியில் ஒட்டிய பழைய பேப்பர் ஆகியவற்றை அகற்றலாம். செலவே இல்லாத மாற்றம் இது.
- காலை காபி, பேப்பர், பூ கட்டுவது, காய் நறுக்குவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலைகளை ஜன்னல் ஓரத்துக்கோ பால்கனிக்கோ கொண்டுபோகலாம்.
- வெளியிலிருந்து பார்வை படுகிறது என்பதற்காக நாள் முழுக்கக் கனமான திரை போட வேண்டியதில்லை. ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் மெல்லிய திரை போட்டால், மேல் பாதி வழியாக வெளிச்சம் வரும்.
- பல்பு வாங்கும்போது அட்டையில் கெல்வின் அளவைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் வெள்ளை வெளிச்சம். படிக்க, சமைக்க ஏற்றது. 2700 அல்லது 3000 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம். படுக்கை அறைக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கும் ஏற்றது.
- அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது, இருட்டான அறைக்கு அடர்ந்த நிறம் வேண்டாம். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும்.

ஜன்னலில் ஒரு செடி: உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் ‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்று கடைகளில் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அந்தப் பேச்சு பரவியதற்கு அமெரிக்க விண்வெளி ஆய்வு மையமான நாசா 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியக் காரணம். மூடிய சிறு கூண்டுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்ட சோதனை அது. வீடு அப்படி மூடிய கூண்டு இல்லையே. இதுபோன்ற பல ஆய்வுகளை மறுபடி அலசி 2019-ல் வெளியான ஒரு கட்டுரை, ஜன்னல், கதவு வழியாகக் காற்று மாறுவதற்கு இணையான சுத்தத்தைச் செடிகளால் மட்டும் பெற வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. வீடு வீடாக இருக்காது, நர்சரியாகிவிடும்.

செடியின் பலன் கண்ணுக்கும் மனசுக்கும்தான். இதில் அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு, ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும், மருத்துவமனைகளைக் கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பற்றி யோசிக்க அது ஒரு காரணமாக அமைந்தது.

எதிர் வீட்டுச் சுவர் மட்டுமே தெரியும் ஜன்னலில் ஒரு துளசியோ, மணிபிளான்ட்டோ, கற்பூரவல்லியோ இருந்தால் பார்வைக்கு ஒரு பச்சை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: தொட்டிக்குக் கீழே உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சூடு: ராத்திரியிலும் வீடு ஏன் கொதிக்கிறது?

நம் ஊரில் வீடு மனசைக் கெடுக்கிறது என்றால், அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் சூடுதான். தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க எரிச்சல்.

கான்கிரீட் தளமும் சுவரும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். சூரியன் மறைந்த பிறகு அந்தச் சூட்டை மெதுவாக உள்ளே விடும். அதனால்தான் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடும், பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவர் அறையும் நடுராத்திரியிலும் சுடுகின்றன. பழைய வீடுகளில் முற்றமும் திண்ணையும் ஓட்டுக்கூரையும் இருந்ததற்கு அழகு மட்டுமே காரணமில்லை. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போகும், திண்ணையின் நிழலில் சுவர் வெயில் படாமல் இருக்கும். அடுக்குமாடியில் முற்றம் கிடைக்காது. ஆனால் அதன் வேலையில் கொஞ்சத்தைச் செய்யவைக்கலாம்.

- வெயிலை வெளியிலேயே நிறுத்துவது: கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள்திரை ஓரளவுக்குத்தான் தடுக்கும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டினால் அதிகப் பலன் கிடைக்கும்.
- நேரம் பார்த்துத் திறப்பது: கோடையில் வெளிக்காற்று அனலாக இருக்கும் நேரத்தில் ஜன்னல்களை மூடி, மாலையில் வெளியே தணிந்ததும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பகலில் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். அங்கே அந்தப் பக்க ஜன்னல்களை அது வரும் நேரத்தில் திறந்துவிடலாம்.
- எதிரெதிர்த் திறப்பு: ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வரத் தயங்கும். வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும்.
- கொசுவலை: பல வீடுகளில் மாலை ஆறு மணிக்கே ஜன்னலை மூடுவது கொசுவுக்குப் பயந்துதான். வெல்க்ரோ ஒட்டும் வலை மாட்டினால், காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.
- மாடிக்கு வெள்ளை: மேல்தளத்தில் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் தளம் வாங்கும் சூடு குறையும். இதற்கு ஹவுஸ் ஓனர் சம்மதம் தேவை. கட்டடத்துக்கும் அது நல்லது என்பதால், செலவில் பாதியை ஏற்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஃபேன் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும், பி.எல்.டி.சி. வகை ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேன் காற்று உடலைக் குளிர்விக்காது, இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதும், அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், குளிர்ச்சியான இடத்துக்கு மாறுவதும்தான் பாதுகாப்பு. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது மிக முக்கியம்.

கிச்சன்: வீட்டிலேயே கடினமான அறை

ஐந்து மணி நேரக் கணக்கை மறுபடி நினைவில் கொள்ளலாம். அடுப்பின் சூடு, தாளிக்கும் புகை, ஈரம் எல்லாம் சேரும் அறை இது. ஃபேன் போட்டால் அடுப்பு அணையும் என்பதால், பல வீடுகளில் அதுவும் இருக்காது.

முதல் செலவு எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அது ஓடும்போது வேறு ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருந்தால்தான் புதுக்காற்று உள்ளே வரும். சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடலாம். ஆனால் கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் உட்பட எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. ஜன்னல், கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

அடுத்தது மேடையின் உயரம். நின்றுகொண்டு காய் நறுக்கும்போது, மேடை முழங்கையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளுக்கும் இடுப்புக்கும் சிரமம் குறைவு. மேடை தாழ்வாக இருந்தால் தடித்த பலகையை வைத்து அதன் மேல் நறுக்கலாம். உயரமாக இருந்தால் உட்கார்ந்து நறுக்க ஒரு சிறிய மேஜை போடலாம். தினமும் எடுக்கும் பாத்திரங்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில், பொங்கலுக்கு எடுக்கும் பெரிய பானை பரணில் என்று மாற்றி வைத்தாலே குனிவதும் எட்டுவதும் குறைந்துவிடும்.

நறுக்கும் இடத்தில் சமைப்பவரின் நிழல் விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அப்படித்தான் விழும். ஷெல்ஃபுக்குக் கீழே ஒட்டும் ஒரு சிறிய எல்.இ.டி. லைட் போதும்.

சாமான்கள்: ‘என்னைக்காவது உதவும்’

அமேசான் அட்டைப்பெட்டி, ஸ்வீட் டப்பா, பார்சல் சாப்பாடு வந்த பிளாஸ்டிக் கிண்ணம், ஓடாத மிக்ஸி. எல்லாமே ‘என்னைக்காவது உதவும்’ என்று வைத்தவைதான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. தங்கள் வீட்டைச் சாமான்கள் குவிந்த, வேலை பாக்கி நிற்கும் இடமாக விவரித்த மனைவிமார்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோன், நாள் போகப் போக இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. குவியல்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாமான்கள் ‘இன்னும் வேலை இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது யார் காதில் அதிகம் விழுகிறது என்பது தெரிகிறது.

தீர்வு, வீடு முழுக்க ஒரே நாளில் ஒதுங்கவைப்பது அல்ல. தினமும் தேடும் ஐந்து பொருள்களுக்கு மட்டும் நிரந்தர இடம் கொடுப்பது நல்ல தொடக்கம்: சாவி, சார்ஜர், மருந்து, ஸ்கூல் பை, கண்ணாடி. காலை எட்டு மணிச் சண்டைகளில் பாதி இவற்றைத் தேடுவதில்தான் வருகின்றன. எடுத்ததைத் திருப்பி வைப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை என்று ஆக்கினால்தான் இது நிற்கும். ஒருவரே எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற வீட்டில் அவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காது.

சத்தமும் தனிமையும்

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் உச்ச வரம்பு. நகரத்தின் மெயின் ரோட்டு ஓர வீடுகளில் இது ஏட்டளவில்தான். கதவு, ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுவது, ரோட்டுப் பக்கச் சுவரை ஒட்டிப் பீரோவை நிறுத்துவது, கட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றுவது ஆகியவை ஓரளவு உதவும்.

வெளிச் சத்தத்தைவிட வீட்டுச் சத்தத்தைக் குறைப்பது சுலபம். யாருமே பார்க்காமல் ஓடும் டிவி, நியூஸ் சேனலாகவே இருந்தாலும், அணைத்துவிடலாம்.

ஒரே அறையில் நாலு பேர் என்றாலும், ஒவ்வொருவருக்கும் ‘இது என்னோட இடம்’ என்று ஏதாவது வேண்டும். தனி அறை முடியாவிட்டால் ஒரு ஷெல்ஃப், ஒரு நாற்காலி, மடக்கு மேஜை, அல்லது யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம். வீட்டில் அந்த இடம் பெரும்பாலும் இல்லாமல் போவது அம்மாவுக்குத்தான்.

வயதானவர்கள் இருந்தால் பாத்ரூமைத் தள்ளிப்போடக் கூடாது. கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழுக்காத விரிப்பு, சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு நைட் லேம்ப். இந்த மூன்றும் சோஃபாவுக்கு முன்னால் வர வேண்டிய செலவு.

ஹவுஸ் ஓனரிடம் எதைக் கேட்கலாம்?

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கட்டடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் போன்றவை பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். அதனால் கைப்பிடி பொருத்துவது, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது போன்றவற்றுக்குக் குடிபோகும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

வீடு பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை

- பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். சூடும் சத்தமும் அப்போதுதான் தெரியும்.
- எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையிலும் நின்று பாருங்கள்.
- கிச்சனில் ஜன்னல் இருக்கிறதா, அது எங்கே திறக்கிறது?
- மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.
- வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவரைக் கூட்டிப்போங்கள். ‘பிடிச்சிருக்கா’ என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

வீட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. கடன், வேலை, குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறை ஆகியவற்றை ஜன்னல் திரை சரிசெய்யாது. இரண்டு வாரங்களுக்கு மேல் மனசு கனமாகவே இருந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது வீட்டின் குறையும் அல்ல, அந்த நபரின் குறையும் அல்ல. மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.